பாரம் வைக்காத கால்

என்ர மகள் எனக்கு ஒரு சட்டம் போட்டவள். பேரப்பிள்ளை பிறந்தால் நான் இருந்துகொண்டுதான் தூக்கலாம். கதிரையில நல்லாச் சாய்ஞ்சு இருக்க வேணும், ஆரும் கொண்டுவந்து மடியில வைப்பினம், பேந்து அவையளே வந்து எடுப்பினம். நிண்டுகொண்டு தூக்கக்கூடாது. தூக்கிக்கொண்டு நடக்கிற கதையே கதைக்கக்கூடாது.

அவள் இஞ்ச சிட்னியில, பரமட்டாவில சட்டத்தரணியா வேலை செய்யிறவள். சட்டம் போடுறது அவளுக்குப் புதிசில்லை. ஆனா முதல்ல எனக்கு நேரா சொல்லேல்ல. பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாசம் இருந்தது. நான் குசினிக்குள்ள வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன், அவள் ஹோலுக்குள்ள புருசனோட இங்கிலீஷில குசுகுசுக்கிறாள். "அம்மா பிள்ளையோட விழுந்தா என்ன செய்யிறது?" எண்டு. எனக்கு இங்கிலீஷ் ஒழுங்காக் கதைக்க வராது. அதுக்காக விளங்காது எண்டு இந்தப் பிள்ளையள் நினைக்குதுகள். வயோதிபர் இல்லத்துக் குசினியில இத்தனை வருசம் வேலை செய்த எனக்கு விளங்காதோ? கத்தியை வைச்சிட்டு அப்பிடியே நிண்டன். வந்த கோவத்தைச் சொல்லி வேலையில்லை. ஆனா வாயைத் திறக்க ஏலாமப் போச்சு, ஏனெண்டால் எனக்கும் அதே பயம்தான்.

நான் இரண்டு தரம் விழுந்தனான். முதல் தரம் பெண்டில் ஹில் ஸ்டேசன் படியில. வேலை முடிஞ்ச சனத்தோட சனமா இறங்கிக்கொண்டிருக்கிறன், எனக்கு முன்னால போன பொம்பிளை போனைப் பாக்கிறதுக்கெண்டு டக்கெண்டு நிண்டிட்டாள். அவளின்ர குதிக்காலில இடறி நாலைஞ்சு படி உருண்டன். அண்டைக்கு முழங்கால் உரஞ்சினதோட தப்பினன். இரண்டாந்தரம் பரமட்டாவில ஒரு கடைத்தொகுதிக்குள்ள. அங்கயும் இதே கதைதான். ஒரு மனுசனுக்குப் பின்னால போய்க்கொண்டிருக்கிறன், அவர் தள்ளுவண்டிலோட சடாரெண்டு திரும்ப எனக்குக் கால் வைக்க இடமில்லாமப் போச்சு. கையை ஊண்டினன். மணிக்கட்டு முறிஞ்ச சத்தம் எனக்கே கேட்டது. டொக்டர் படத்தைப் பாத்திட்டு, எலும்பு மெலிஞ்சு போச்சு, அடுத்த தரம் விழுந்தால் இடுப்பெலும்பாத்தான் இருக்கும், கவனம் எண்டார்.

அதோட பயம் வந்து உடம்புக்குள்ள குந்திட்டுது. மினுக்கின நிலத்தைக் கண்டால் உள்ளங்கால் வேர்க்கும். குளிக்கப் போகேக்க கதவைப் பூட்ட மாட்டன், விழுந்தால் சத்தமாவது வெளியில கேக்கட்டும் எண்டு. கிரவீனில எங்கட வீட்டு வாசல் ஒரு சரிவு. குப்பைவாளி வைக்க அதால நண்டு மாதிரிப் பக்கவாட்டிலதான் இறங்குவன், மழை எண்டால் அதுவும் இல்லை. என்ர மனுசன் மோசம் போய் ஆறு வருசமாச்சு. அவர் இருந்திருந்தால் கையைப் பிடிச்சிருப்பார் எண்டு அந்தச் சரிவில நிண்டு அழுதும் இருக்கிறன்.

ஆஸ்பத்திரியில கைக்குப் பயிற்சி தந்த பிள்ளைதான் தாய் சி வகுப்புக்குப் போங்கோ, விழுகிறது குறையும் எண்டு சொன்னது. சீன ஆக்கள் பார்க்கில நிண்டு மெதுமெதுவாக் கையை ஆட்டுறதை நான் கண்டிருக்கிறன். காத்தைத் தடவுறதுக்கு ஒரு வகுப்போ எண்டு சிரிச்சன். ஆனா அந்தக் கதிரைச் சட்டம் நெஞ்சுக்குள்ள குத்திக்கொண்டே இருந்தது. என்ர பேரப்பிள்ளையை ஆரோ கொண்டுவந்து மடியில வைக்க, நான் நோயாளி மாதிரி இருந்து வாங்கிறதோ? நாலு மாசம் இருக்குத்தானே, நடந்து காட்டுறன் பார் எண்டு போய்ப் பேரைக் குடுத்தன்.

சனிக்கிழமை காலமை வகுப்பு. நூலகத்துக்குப் பின்னால இருக்கிற ஒரு மண்டபம், பத்துப் பன்னிரண்டு பேர், முக்கால்வாசி சீனப் பொம்பிளையள். படிப்பிக்கிறவர் வெள்ளைத் தாடியோட ஒரு கிழவனா இருப்பார் எண்டு நினைச்சுப் போனால், என்ர மகளின்ர வயசில ஒரு பெட்டை வந்து நிக்கிறாள். கிழமை நாளில பல்லு டொக்டரிட்ட வேலையாம். அவளைச் சிஃபு எண்டு கூப்பிட வேணும், ஆசிரியருக்குச் சீனத்தில உள்ள மரியாதைச் சொல் அது. அவள் என்னை அன்ரி எண்டாள். மூத்த பொம்பிளையளை அவையளும் எங்கட பிள்ளையள் மாதிரி அப்பிடித்தான் கூப்பிடுவினமாம். அது எனக்குப் பிடிச்சுப் போச்சு.

முதல் இரண்டு கிழமையும் சும்மா நிண்டதுதான். சும்மா நிக்கிறது லேசெண்டு நினைக்காதேங்கோ. முழங்காலை இறுக்கக்கூடாது, உயரமான ஒரு ஸ்டூலில அரைவாசி இருக்கிற மாதிரித் தளத்தி வைக்க வேணும். உச்சந்தலையில நூல் கட்டி ஆரோ மேல இழுக்கிற மாதிரிக் கழுத்து நிமிர வேணும். கண் நேரா பாக்க வேணும். நான் முழங்காலைப் பூட்டினாத்தான் பலம் எண்டு நினைச்சு விறைச்சுக்கொண்டு நிண்டன். சிஃபு வந்து என்ர தோளில ஒரு விரலை வைச்சுத் தள்ளினாள். ஒரே ஒரு விரல். "ஐயோ!" எண்டு கத்திக்கொண்டு பின்னால போயிட்டன். என்னைப் பிடிக்கிறதுக்கு முன்கூட்டியே பின்னால ஒரு ஆளை நிப்பாட்டி வைச்சிருக்கிறாள், கள்ளி. பேந்து முழங்காலைத் தளத்தச் சொல்லிப்போட்டு அதே விரலால தள்ளினாள். உடம்பு ஒருக்கா ஆடிப்போட்டுத் தன்ர பாட்டில நிண்டிட்டுது.

"இது சண்டைக்கலை அன்ரி, உடற்பயிற்சி எண்டு நினைக்காதேங்கோ. பயந்து இறுகின ஆளைத் தள்ளிவிழுத்த ஒரு விரல் காணும்" எண்டாள்.

"எனக்குச் சண்டை பிடிக்க மகளைத் தவிர ஒருத்தரும் இல்லை" எண்டு என்ர உடைஞ்ச இங்கிலீஷில சொன்னன். எல்லாரும் சிரிச்சினம். மகள் இருக்கிற ஆக்கள் கொஞ்சம் கூடவே சிரிச்சினம்.

மூண்டாம் கிழமை நடை. இந்தக் கலைக்கு அத்திவாரமே இதுதான் எண்டாள். முழுப் பாரத்தையும் ஒரு காலில வைக்க வேணும். மற்றக் கால் வெறுமையா இருக்க வேணும். அந்த வெறுமையான காலை முன்னுக்கு நீட்டிக் குதிக்காலை மெதுவா நிலத்தில வைக்கிறது, ஆனா பாரம் வைக்கிறேல்ல. நிலம் சரியெண்டு கண்டால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, தண்ணி ஊத்துற மாதிரி, முன்காலுக்கு மாத்துறது. சரியில்லை எண்டு கண்டால் காலைத் திருப்பி எடுக்கிறது. எந்த அடியையும் திருப்பி எடுக்கக்கூடிய மாதிரி வைக்க வேணும் எண்டது அவளின்ர சட்டம்.

எல்லாரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தரா மண்டபத்தின்ர இந்தச் சுவரில இருந்து அந்தச் சுவருக்கு நடந்தம். எனக்கு முன்னால எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு சீன மனுசி, காலில கறுப்புத் துணிச் சப்பாத்து. நான் அந்தச் சப்பாத்துக் குதியையே பாத்துக்கொண்டு போனன். மனுசி வலதை எடுக்க அந்த இடத்தில என்ர வலது, இடதை எடுக்க அந்த இடத்தில என்ர இடது. ஒரு விரற்கடைகூட அங்கால இஞ்சால வைக்கேல்ல. இரண்டு தரம் அவவின்ர குதியை மிதிச்சுப்போட்டன், சப்பாத்துக் கழண்டு போச்சு. மூண்டாந்தரம் திரும்பி நிண்டு சீனத்தில ஏசினா. நான் நக்கலுக்குச் செய்யிறன் எண்டு நினைச்சிட்டா போல.

சிஃபு வந்தாள். "அன்ரி, மண்டபம் இவ்வளவு பெரிசு. ஏன் அவ கால் வைச்ச இடத்திலயே வைக்கிறீங்கள்?" எண்டாள். நான் அப்பிடிச் செய்யிறன் எண்டதே எனக்கு அப்பதான் தெரியும். அவள் எல்லாரையும் ஒதுக்கி விட்டிட்டு, "இப்ப தனிய நடவுங்கோ" எண்டாள்.

எனக்கு முன்னால ஒருத்தரும் இல்லை. பலகை நிலம், அங்கால சுவர், அவ்வளவுதான். வலது காலைத் தூக்கினன். சத்தியமாச் சொல்லுறன், வைக்க ஏலேல்ல. தூக்கின கால் அந்தரத்தில நிண்டு நடுங்குது. வெறும் பலகை எண்டு கண் சொல்லுது, கால் கேக்குதில்லை. விழப்போறன் எண்ட பயம் இல்லை அது. அதைவிடப் பழைய பயம்.

ஊரில சமாதானம் எண்டு சொன்ன காலத்தில நானும் ஆறு வயசு மகளும் எங்கட காணியைப் பாக்கப் போனம். அவர் அப்பவே சிட்னிக்கு வந்திட்டார். சண்டை நிண்டு றோட்டுத் திறந்தாச்சு, ஆனா ஊர் முழுக்க மிதிவெடி. வேலிக்கு வேலி மண்டையோடு கீறின சிவப்புப் பலகை. சனம் போய்ப் போய்ப் பழகின ஒரு ஒற்றையடித் தடம்தான் பாதை. முன்னால போறவர் வைச்ச அடியில நாங்கள் வைக்க வேணும், எங்கட அடியில பின்னால வாறவை வைக்க வேணும். நான் முன்னால, மகள் பின்னால. "என்ர அடியில மட்டும் வை. வேற எங்கயும் வைச்சியோ, கொன்றுபோடுவன்" எண்டு சொல்லிப்போட்டு நடந்தன். அரைவாசித் தூரம் நல்லா வந்தவள். பாதைக் கரையில ஒரு விளாம்பழம் விழுந்து கிடந்தது. ஆறு வயசுப் பிள்ளைதானே, அதை எடுக்க ஒரு காலை வெளியில வைச்சிட்டாள்.

திரும்பிப் பாத்த எனக்கு உயிர் போய் வந்தது. இழுத்தெடுத்து வாயைப் பொத்தி ஒரு அறை அறைஞ்சன். கீழ் உதடு வெடிச்சு ரத்தம் வந்தது. அவள் அழேல்ல. மிச்சத் தூரம் முழுக்க ஒரு சத்தமும் இல்லாமல் என்ர அடியிலயே கால் வைச்சு வந்தாள். அவள் காலை வைச்ச அந்த இடத்தில ஒண்டும் இருக்கேல்ல. அந்த அறையைப் பற்றி நானும் கதைச்சதில்லை, அவளும் கதைச்சதில்லை. அவளுக்கு ஞாபகம் இருக்கோ எண்டும் எனக்குத் தெரியாது.

சிட்னிக்கு வந்து இத்தனை வருசமா நான் முன்பின் தெரியாத சனத்தின்ர குதிக்காலைப் பாத்துப் பாத்து நடந்திருக்கிறன். அவையள் நிண்டால் இடறுவன், திரும்பினால் விழுவன். இந்த விசர்க் கதையை ஆருக்குச் சொல்லுறது? சிஃபுவுக்குத்தான் சொன்னன், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில. நிலத்துக்குக் கீழ குண்டு, மற்ற ஆக்களின்ர அடியில மட்டும் நடை, பழக்கமாப் போச்சு எண்டு. கண்ணால தண்ணி ஓடினது. எனக்கு வெக்கமாயும் இருந்தது.

அவள் குனிஞ்சு பலகையில ஒரு கையை வைச்சாள். பேந்து, "இந்த நிலத்தை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் துடைக்கிறனான் அன்ரி. எல்லாப் பலகையும் எனக்குத் தெரியும், ஒண்டும் இல்லை. காலை வையுங்கோ, பாரம் வைக்க வேண்டாம். பிடிக்காட்டி எடுங்கோ" எண்டாள். வைச்சன், எடுத்தன். பேந்தும் வைச்சன், எடுத்தன். எத்தனை தரம் எண்டு எண்ணேல்ல. அண்டைக்கு நான் தனிய நடந்தது மூண்டே மூண்டு அடி. முடிய, ஏசின மனுசி தன்ர பிளாஸ்கில இருந்து சுடுதண்ணி ஊத்திக் கொண்டுவந்து தந்தா.

பேந்து அவவோடதான் எனக்குக் கையோட கை வைச்சுத் தள்ளுற பயிற்சி. மணிக்கட்டில மணிக்கட்டை ஒட்டி வைச்சுக்கொண்டு, எதிர்க்காமல், விட்டிடாமல், மற்ற ஆளின்ர பாரம் எங்க போகுது எண்டு தோலால அறிய வேணும். பொய் சொல்ல ஏலாத வேலை அது. நான் பயந்து இறுகினால் மனுசிக்கு உடன தெரிஞ்சிடும், என்ர முறிஞ்ச கையில ஒரு தட்டுத் தட்டி, "ப்ச்" எண்டுவா. கொஞ்ச நாளில அவ களைச்சுப்போய் இருக்கிறாவோ, கோவத்தில இருக்கிறாவோ எண்டு எனக்கும் கையால தெரியத் தொடங்கிச்சுது.

வீட்டில ஐஞ்சு கிலோ அரிசிப் பையைத் துவாயால சுத்திப் பிள்ளை மாதிரி ஏந்திக்கொண்டு கொரிடோரில நடந்து பழகினன். ஒருநாள் மகள் வேலையால வெள்ளன வந்து கண்டிட்டாள். "அம்மா, வட் ஆர் யூ டூயிங்?" எண்டாள். "உன்ர பிள்ளையை நித்திரையாக்கிறன்" எண்டன். சிரிச்சாள், ஆனா சட்டத்தை மாத்தேல்ல.

பேத்தி ஒப்பரேசன் செய்துதான் பிறந்தாள். கதிரையில இருந்துகொண்டுதான் பிள்ளையை வாங்கினன். அந்தச் சின்ன முகத்தைப் பாத்தவுடன என்ர பயம் குறையும் எண்டு நினைச்சன், அது இரண்டு மடங்காப் போச்சு. ஒருநாள் மகள் குளிச்சுக்கொண்டிருக்கப் பிள்ளை தொட்டிலுக்குள்ள கிடந்து வீரிட்டு அழுதது. நான் பக்கத்தில நிக்கிறன். ஒரு கை நீட்டினால் தூக்கலாம், வீட்டில வேற ஒருத்தரும் இல்லை. என்ர கை போகேல்ல. "அழாதை குஞ்சு, அம்மா வாறா" எண்டு சொல்லிக்கொண்டு மரம் மாதிரி நிண்டன். மகளின்ர சட்டத்தை நான் மதிச்சு நிண்டதெண்டு அவள் நினைச்சிருப்பாள். எனக்கெல்லோ தெரியும்.

பிறந்து முப்பத்தோராம் நாள் தீட்டு, துடக்குக் கழிச்சு, பிள்ளையை ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குக் கொண்டுபோனம். நல்ல வெயில் காலம். மருமகன் எங்களை வாசலில இறக்கிவிட்டிட்டுக் காரை நிப்பாட்ட இடம் தேடிப் போனார். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நானும் மகளும் பைப்படியில கால் கழுவினம். அவள் பிள்ளையோட குனிஞ்சு கால் கழுவ, வயித்துக் காயம் இழுத்திருக்க வேணும், முகம் வெளிறிப் போச்சு. புருசன் வாறாரோ எண்டு சுத்திப் பாத்தாள். காணேல்ல. பேந்து என்னைப் பாத்தாள். அங்க ஒரு கதிரையும் இல்லை.

"அம்மா, பிடியுங்கோ" எண்டாள்.

பிள்ளை கை மாறேக்க மகளின்ர மணிக்கட்டு என்ர மணிக்கட்டில பட்டது. அந்தச் சீன மனுசி என்னில கண்டுபிடிக்கிறதை நான் என்ர மகளில கண்டன். அப்பிடி இறுகிப்போய் இருந்தது.

"அவர் வருமட்டும் இதிலயே நில்லுங்கோ. நடக்காதேங்கோ அம்மா" எண்டாள். ஆனா எப்பிடி நிக்கிறது? சீமெந்து நிலம் அடுப்பு மாதிரிக் கொதிக்குது, பிள்ளையின்ர முகத்தில நேர வெயில், அது கத்தத் தொடங்கிட்டுது. நிழல் எண்டால் முற்றத்துக்கு அங்கால மண்டபத்தில. முப்பது அடி இருக்கும். எனக்கு முன்னால ஒரு குதிக்காலும் இல்லை. என்ர கால் இரண்டும் ஈரம்.

பயம் இல்லாமல் போனன் எண்டு சொன்னால் அது பச்சைப் பொய். விழுந்தால் பிள்ளை, விழுந்தால் பிள்ளை எண்டு மண்டைக்குள்ள ஒரே சத்தம். முழங்காலைத் தளத்தினன், கண்ணை நேரா வைச்சன். வெறுமையான காலை நீட்டி, குதியை வைச்சு, பாரத்தை மெல்ல ஊத்தினன். நிலம் பிடிச்சுது. மற்றக் கால். அதுவும் பிடிச்சுது. உள்ளங்கால் சுட்டதைக்கூடப் பிறகுதான் உணர்ந்தன். கடைசி அடியை நிழலுக்குள்ள வைச்சவுடன பிள்ளை அழுகையை நிப்பாட்டிட்டுது. சிரிப்பு வந்தது எனக்கு. பாத்தியோடி, கொம்மா விழேல்ல எண்டு மகளைத் திரும்பிப் பாத்தன்.

அவள் என்னைப் பாக்கேல்ல. குனிஞ்ச தலையோட முற்றத்துக்கு நடுவில வந்துகொண்டிருக்கிறாள். சீமெந்தில என்ர ஈரக்கால் அடையாளம் ஒவ்வொண்டாக் கிடக்குது. அதில அவள் கால் வைச்சு வாறாள். என்ர இடதில அவளின்ர இடது, என்ர வலதில அவளின்ர வலது. நிலம் சுடுது, அதுதான் ஈரத்தில வைக்கிறாள் எண்டு முதல்ல நினைச்சன். வெயிலுக்கு அடையாளம் காயக் காய அவளுக்குப் பதட்டம், வயித்துக் காயத்தையும் பாராமல் எட்டி எட்டி வைக்கிறாள். கீழ் உதட்டைக் கடிச்சுக்கொண்டிருந்தாள், நான் அண்டைக்கு வெடிக்கப் பண்ணின அதே இடத்தில. இவ்வளவு காலமும் நான்தான் பயந்து நடக்கிறன் எண்டு நினைச்சிருந்தனான். கதிரைச் சட்டம் போட்டவளும் என்ர அடிக்குள்ளதான் நிண்டிருக்கிறாள்.

எனக்குக் கிட்ட வர ஆறேழு அடி இருக்கேக்க அடையாளம் முழுக்கக் காய்ஞ்சு போச்சு. அவள் வலது காலைத் தூக்கினபடி நிண்டாள். அந்தக் கால் அந்தரத்தில நடுங்கினது.

"பிள்ளை, என்னைப் பார்" எண்டன். நிமிர்ந்தாள். "அங்க ஒண்டும் இல்லை. அண்டைக்கும் அந்த இடத்தில ஒண்டும் இருக்கேல்ல. அம்மா உனக்கு அடிச்சது பிழை."

அவளின்ர கண் நிறைஞ்சுது.

"காலை வை. பாரம் வைக்காமல் வைச்சுப் பார். பிடிக்காட்டி எடு."

காய்ஞ்ச சீமெந்தில மெல்லக் குதியை வைச்சாள்.

"சுடுது அம்மா" எண்டாள்.

"சுடும்தான். வா" எண்டன்.